செண்பகத்தின் இழுப்பும் உள்ளறை நெல்லும்

திருக்காட்டுப்பள்ளி
10-11-67

சௌபாக்கியவதி மங்களத்துக்கு அப்பா எழுதிக்கொண்டது. நீயும் மாப்பிள்ளையும் பம்பாயில் சுகமாயிருக்க ஐயாறப்பன் துணையிருக்கட்டும். இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். உன் மகள் செண்பகத்துக்கு லேசான மூச்சிழுப்புதான் என்று மூன்று கடிதமாக எழுதினேனே, அது பொய். பயப்படாதே, குழந்தை இப்போது தேறிவிட்டாள், இட்லி கேட்டுச் சாப்பிடுகிறாள். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் நாலு நாள் வைத்திருந்து நேற்றுத்தான் அழைத்து வந்தோம். இழுப்பு உன் மாமனார் வீட்டு வழியில் வந்தது, கொய்யாப்பழம் தின்றதால் வந்தது என்றெல்லாம் எழுதி உன்னை வருத்தினேன். வரவழைத்தது நான்தான்.

இந்தக் குறுவை அறுப்புக்குக் கூலித் தகராறில் நம் ஆட்கள் வயலில் இறங்கவில்லை. வெளியூர் ஆட்களை வைத்து மழைக்கு நடுவே அறுத்தேன், களத்தில் காயவைக்க வெயிலே இல்லை. அதற்குள் சர்க்கார் விலைக்குக் கட்டாயமாக லெவி நெல் அளந்து போக அதிகாரிகள் வருகிறார்கள் என்று பேச்சு. ஆட்சி மாறியும் லெவி மாறவில்லையே என்று எனக்கு வீம்பு. ஈர நெல்லையே மூட்டை பிடித்து உள்ளறையில் அடுக்கி, படுதா கட்டி மறைத்து, ஜன்னலையும் ஆணி அடித்து மூடி, முன்னால் செண்பகத்தின் கட்டிலைப் போட்டேன். நோயாளிக் குழந்தை படுத்திருக்கும் அறையில் எவனும் சோதனை போடமாட்டான் என்று கணக்கு. மூட்டை தூக்க வந்த வீரையன், ஈர நெல்லு வீட்டுக்குள்ள வேணாங்க, பூசணம் புடிச்சா புள்ளைக்கு ஆகாதுங்க என்றான். உன் வேலையைப் பார் என்று அதட்டினேன். பத்து நாளில் சாக்கெல்லாம் பச்சையும் கருப்புமாய்ப் பூத்து, சுவரிலும் ஏறிவிட்டது. வாடை போக சாம்பிராணி வேறு போட்டேன், என் புத்தியைப் பார். பம்பாய் ஈரம் அவளுக்கு ஆகவில்லை என்று நீ அழுதபோது, இங்கே நல்ல காற்று என்று சொல்லி அவளை அழைத்து வந்தவனும் நான்தானே.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், குழந்தை படுக்கும் இடத்தில் ஈரமோ பூசணம் பிடித்த சாமானோ இருக்கிறதா என்று. வெளியே தெரிந்தால் வழக்கு வருமே என்று, இல்லை என்றேன். அவர் செண்பகத்திடமே கேட்டார். நெல் இருப்பதைச் சொன்னால் தாத்தாவைப் பிடித்துப் போய்விடுவார்கள் என்று நான் அவளுக்கு முன்பே சொல்லி வைத்திருந்தேன். விலா உள்வாங்க மூச்சுக்கு அல்லாடிக்கொண்டிருந்தவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு இல்லை என்று தலையாட்டினாள். மங்களம், அவளுக்கு ஆறு வயசு. எனக்குத் தாங்கவில்லை, அங்கேயே டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டி அழுதுவிட்டேன். அன்றே மூட்டைகளை வெளியேற்றி, நானே தாலுகா ஆபீசில் போய்ச் சொன்னேன், அபராதம் என்றார்கள். பூசணத்தின் மேலேயே சுண்ணாம்பு அடித்தால் போதாது, சுரண்டிக் காயவிட்டுத்தான் அடிக்கவேண்டும் என்று டாக்டர் சொன்னபடி வேலை நடக்கிறது. அதுவரை அந்தப் பக்கம் அவளை விடவில்லை, கூடத்தில்தான் படுக்கை.

மாப்பிள்ளையிடம் இதை மறைக்காதே. நீங்கள் வந்து அவளை அழைத்துப் போவதானால் ஒரு வார்த்தை தடுக்கமாட்டேன். உங்கள் இருவருக்கும் என் ஆசீர்வாதம். ஒன்று மட்டும் மறக்காமல் செய். செண்பகத்துக்கென்று தனியாக ஒரு கார்டு போடு. டாக்டர் கேட்டால் உள்ளதைச் சொல்லலாம், தாத்தாவை யாரும் பிடிக்கமாட்டார்கள் என்று உன் கையால் எழுது. நான் சொன்னால் நம்பவில்லை. நேற்றுக் கிளம்பும்போது நர்ஸ் வீட்டைப் பற்றி விசாரித்தாள், நான் வாய் திறப்பதற்குள் இவள் என் வேட்டியைப் பிடித்து இழுத்து, சொல்லாதீங்க தாத்தா என்று கெஞ்சினாள்.

இப்படிக்கு,
அப்பா பஞ்சநதம்