ஏரி மேல் நடந்து வேலைக்குப் போகிறவளுக்கு

ரிச்சர்ட்சன், டெக்சஸ்
பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை

என் கண்ணு வெண்பாவுக்கு, அம்மா சொல்லச் சொல்ல அப்பா எழுதுகிற கடிதம். இங்கே நாங்கள் இருவரும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளை தவறாமல் சண்டையும் போட்டுக்கொண்டு சுகமாக இருக்கிறோம். அங்கே நீ கைவிரல், கால்விரல், மூக்குநுனி எதுவும் உறைந்து போகாமல் சுகமாக இருக்கிறாய் என்று நம்ப ஆசைப்படுகிறேன். அப்பாவின் கையெழுத்தைப் பார்த்துப் பதறாதே, காரணம் கடைசியில் வரும். போனில் சொன்னால் நீ மீட்டிங்கில் இருப்பாய், வாட்ஸ்அப்பில் சொன்னால் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். பின்லாந்துக் காகித மில்லில் நிரந்தர வேலைக்கு மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றாயே, அதற்கு முன்னால் இது உன் கையில் கிடைக்க வேண்டும் என்றுதான் கூரியரில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். ஞாயிறு தோறும் அழ அழ உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துப்போனது இப்படி ஒரு நாளுக்காகத்தான், எழுத்துக்கூட்டியாவது முழுதும் படி.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது எதுவும் தொண்டையை விட்டு வெளியே வராது. முதல் தடவை இலையுதிர்காலத்தில் உன் ஊருக்கு வந்திருந்தேன் இல்லையா, ஒரு திங்கட்கிழமை நீ மதியம் மில்லிலிருந்து வந்து பார்த்தபோது நான் உன் வீட்டு சானாவுக்குள், அந்த நீராவிக் குளியல் அறைக்குள், உட்கார்ந்திருந்தேன். அம்மா, யூ ட்ரைட் தி சானா என்று நீ துள்ளினாய். கோட்டு எதற்கு என்று கேட்டாய், வெட்கமாக இருக்கிறது என்றேன், நம்பிவிட்டாய். கண்ணு, அடுப்பே போடாத சானாவில் குளிர்கோட்டும் ஷூவும் மாட்டி, மடியில் பாஸ்போர்ட்டையும் நகைப் பையையும் கட்டிக்கொண்டு உலகத்தில் எவள் உட்காருவாள்? நீ கதவைத் திறக்கிற சத்தம் கேட்டுத்தான் தலையில் கவிழ்த்திருந்த இட்லிப் பாத்திரத்தைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினேன். நண்பகலில் ஊரெல்லாம் சைரன் ஊதியது. நம் ஊரில் சைரன் ஊதினால் டொர்னாடோ சூறைக்காற்று வருகிறது, ஜன்னல் இல்லாத உள்ளறைக்குள் ஓடித் தலையை மூடிக்கொள்ள வேண்டும் என்று உன்னைப் பள்ளிக்கூடத்தில் பழக்கினார்கள், நீ வந்து எங்களைப் பழக்கினாய். உன் வீட்டில் ஜன்னல் இல்லாத ஒரே அறை அதுதான். மாதத்தின் முதல் திங்கட்கிழமை அங்கே சைரனைச் சோதித்துப் பார்ப்பார்கள் என்று உன் பக்கத்து வீட்டு கெர்த்து அம்மாள் சொல்லித்தான் பிறகு தெரிந்தது. அதற்குள் நீ மில் முழுக்கப் பெருமையடித்து, உன்னோடு வேலை செய்கிறவர்கள் சானாவில் வேர்க்க வேர்க்க முதுகில் அடித்துக்கொள்ள எனக்கு ஒரு பிர்ச் மரக் கிளைக்கட்டே பரிசாகக் கொடுத்துவிட்டார்கள். சொன்ன பொய்க்கு அந்த அடி தகும்தான்.

இப்படி நான் பயந்தாங்கொள்ளி என்பதை நானே ஒத்துக்கொண்டுவிட்டதால், அடுத்ததைச் சொன்னால் நீ சிரிக்காமல் கேட்பாய் என்று நினைக்கிறேன். ஜனவரியில் வந்தேன். காலையில் சூரியன் வருமோ வராதோ என்று பார்த்துக்கொண்டே இருந்து, வந்ததும் ஒரு காபி போட்டுத் திரும்பினால் அது போய்விட்டிருக்கும். அந்த அரைவெளிச்சத்தில் ஒருநாள் நீ சட்டை மாற்றும்போது உன் கழுத்தில் ஒரு கயிறு தெரிந்தது. சொல்லாமல் கொள்ளாமல் எவனையோ கட்டிக்கொண்டாள், நம் தமிழ்ச் சங்கத்து வசந்தாமணிக்கு இது முதலில் தெரிந்திருக்கும், அவள் பாட்லக் விருந்தில் வைத்து என்னிடம் துக்கம் விசாரிப்பாள் என்று ஒரே மூச்சில் எல்லாவற்றையும் நினைத்து முடித்துவிட்டேன். கயிற்றை இழுத்துப் பார்த்தால் நுனியில் கைப்பிடி வைத்த இரண்டு ஆணி. இது எதுக்கு கண்ணு என்றேன். பல் துலக்கிக்கொண்டே சொன்னாய், ஏரி மேலதான்மா வேலைக்கு நடந்து போறேன், ஐஸ் உடைஞ்சா இதைக் குத்திப் பிடிச்சு மேல ஏறிடலாம், இட்ஸ் ஃபைன்மா. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் அது தாலியாகவே இருந்திருக்கக்கூடாதா என்று நினைத்தேன்.

அன்றிலிருந்து தினமும் உன் சமையலறை ஜன்னலில் நின்று பார்ப்பேன். வெள்ளையாகக் கிடக்கிற ஏரியில் நீ சிவப்புத் தொப்பியோடு இறங்குவாய், சின்னப் பெண்ணாவாய், புள்ளியாவாய், அப்புறம் எதிர்க்கரை மில்லின் புகைக்குள் போய்விடுவாய். நீ போய்ச் சேர்ந்து மெசேஜ் அனுப்புகிற வரைக்கும் எனக்குக் காபி இறங்காது. கெர்த்துவிடம் புலம்பினேன். அவளும் நானும் போனை நடுவில் வைத்து மொழிபெயர்க்கச் சொல்லிப் பேசுவோம், அது பாதியைச் சொல்லும், மீதியை நாங்களே சிரித்து நிரப்பிக்கொள்வோம். குச்சி நட்டிருக்கிற பாதையில் பயமில்லை, மில்லுக்குப் பக்கத்தில்தான் அதன் சுடுதண்ணீர் வந்து விழுவதால் ஐஸ் கெட்டிப்படாது, அங்கே போகக் கூடாது என்றாள் அவள். எனக்குக் கடைசி வரி மட்டும் காதில் தங்கிவிட்டது. நான் கடைக்குப் போகிற வழியில் நடைபாதை ஐஸில் கால் எடுத்து வைக்கத் தெரியாமல் விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்து நின்றபோதும் அவள்தான் வந்தாள். உதைத்துத் தள்ளிப்போகிற சறுக்கு நாற்காலி ஒன்று வைத்திருக்கிறாளே, அதில் என்னை உட்கார வைத்து, அவள் வாங்கிய முட்டையையும் பாலையும் என் மடியில் வைத்து, என்னைவிட இருபது வயது மூத்தவள் என்னைத் தள்ளிக்கொண்டு போனாள். ஊரே பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை, அது இன்னும் கேவலமாக இருந்தது. நான் கிளம்பும்போது ஷூவுக்கு அடியில் மாட்டுகிற ஆணிப் பட்டை ஒரு ஜோடி என் கையில் திணித்தாள்.

வசந்தம் என்று நம்பி ஏப்ரலில் வந்தேன். அங்கே வசந்தம் என்பது வேறு விதமான பயம். விடிகிற நேரத்தில் ஏரி ஊளையிட்டது, பிறகு யாரோ அடியிலிருந்து கதவை உதைக்கிற மாதிரி ஒரு இடி. எழுந்து பார்த்தால் உன் படுக்கை காலி, கழுத்துக் கயிறு மட்டும் சுவர் ஆணியில் தொங்குகிறது. கயிறு இல்லாமல் போய்விட்டாள் என்று நைட்டிக்கு மேல் அப்பாவின் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு கரைக்கு ஓடினேன். வெண்பா வெண்பா என்று நான் கத்தியதில் வாத்தெல்லாம் பறந்துவிட்டன. ஒரு காலை ஐஸில் வைத்தேன் கண்ணு, அது என் எடைக்கு முனகியது, மற்றக் காலையும் வைத்துவிட்டேன். அப்போது பின்னாலிருந்து கோட்டைப் பிடித்து யாரோ இழுத்தார்கள், கெர்த்து. மொழிபெயர்க்கப் போனைக்கூட எடுக்காமல் கையை நீட்டி பஸ் ஸ்டாப்பைக் காட்டினாள். அங்கே நீ தொப்பியோடு நின்று ஆப்பிள் கடித்துக்கொண்டிருந்தாய். பாதைக் குச்சிகளைப் பிடுங்கிவிட்டார்கள் என்றால் ஏரிப் பாதையை மூடிவிட்டார்கள் என்று அர்த்தம், அதற்குப் பிறகு யாரும் இறங்க மாட்டார்களாம். அந்த ஊரில் அது தெரியாத ஒரே ஆள் நான், அன்றைக்கு ஏரியில் இறங்கிய ஒரே ஆளும் நான். இதை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று கெர்த்துவிடம் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டேன். சொல்லியிருந்தால் அவளோடு நான் பேசப் போவதில்லை.

கோடையில் எதற்கும் பயப்பட மாட்டேன் என்றுதான் வந்தேன். இருட்டவே மாட்டேன் என்கிற ஊர், காளானும் பெர்ரியும், ஏரியில் குழந்தைகள், மில்லின் அழுகிய முட்டை நாற்றம்கூடப் பழகிவிட்டது. முதல் தடவை அந்த நாற்றத்துக்கு உன் ஃபிரிட்ஜைக் காலி செய்து, நல்ல மாவைப் போய்க் கொட்டினேனே, அதே மூக்குதான் இது. கிளம்புகிற அன்று ரயில் மேடையில் நீ என்னைக் கட்டிக்கொண்டு, ரீச் ஆனதும் மெசேஜ் பண்ணும்மா, நானும் வீட்டுக்குப் போறேன் என்றாய். அதுவரை அதை அப்பார்ட்மென்ட் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாய். ஹெல்சிங்கி வரை ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தேன். எதிர் சீட்டுக்காரர் பாவம், எனக்கு மரங்கள் ரொம்பப் பிடிக்கும் போல என்று நினைத்திருப்பார்.

இப்போது மறுபடி பிப்ரவரி, மறுபடி நீ ஏரி மேல். எங்கள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு உன் ஊர் வெப்பநிலையைப் பார்க்காமல் எனக்குத் தூக்கமில்லை. வசந்தாமணி கேட்டாள், உங்க பொண்ணு ஐஸ்லாந்துல எத்தனை வருஷங்க இருப்பா, மாப்பிள்ளையும் அங்கியே பாத்தாச்சா என்று. ஐஸ்லாந்து இல்லை, பின்லாந்து என்று மட்டும் திருத்திவிட்டு நழுவி வந்துவிட்டேன். அதனால் கேட்கிறேன் கண்ணு, அந்த வேலைக்கு ஒத்துக்கொள்ளாதே. இங்கே வந்துவிடு. நீ மில்லில் பார்த்துக்கொள்கிற பாய்லர் எல்லா ஊரிலும்தான் கொதிக்கிறது. இங்கே கால் வைத்தால் தரை தரையாக இருக்கும். இந்த இடத்தில் அப்பா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். புள்ளைய ஏன் இப்படிப் பயமுறுத்தற கலா, அவ நல்லாத்தானே இருக்கா, இதை நான் எழுத மாட்டேன், நீயே எழுதிக்கோ என்கிறார். நான் என் கையைத் தூக்கிக் காட்டினேன். இப்போது எழுதுகிறார், ஆனால் எழுத்தில் அழுத்தமே இல்லை, நீயே பார்.

நீ எங்கே இருந்தாலும் உன் காலுக்குக் கீழே இருப்பது கெட்டியாக இருக்கட்டும், உன் தட்டு சூடாக இருக்கட்டும், கூப்பிடுகிற தூரத்தில் ஒரு கெர்த்து இருக்கட்டும். அந்தக் கயிற்றை பஸ்ஸில் போனாலும் மாட்டிக்கொள். அனுப்பிய பருப்புப் பொடி கட்டியாகிவிட்டால் வாணலியில் லேசாகச் சூடு காட்டு. கெர்த்துவுக்கு என் வணக்கம் சொல்.

உன் பயந்தாங்கொள்ளி அம்மா,
கலாவதி
(எழுதியது, பேனாவைக் கீழே வைத்து மறுபடி எடுத்தது: அப்பா கிட்டுசாமி)

பின்குறிப்பு: கையெழுத்து விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் இங்கே ஐஸ் மழை பெய்து ஊரே கண்ணாடி பதித்த மாதிரி ஆகிவிட்டது. குப்பைத் தொட்டியை உள்ளே இழுக்கப் போனவள் நம் டிரைவ்வேயிலேயே வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டேன், மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள், பயப்படாதே, இட்ஸ் ஃபைன். கெர்த்து கொடுத்த ஆணிப் பட்டை, டெக்சஸில் இது எதற்கு என்று ஷூ அலமாரியில் பிரிக்காமலே வைத்திருந்தேன். உன் ஊருக்கு நாலு பருவத்திலும் வந்து போனதில் நான் ஒரு தடவைகூட விழவில்லை.