உயிரோடு இருப்பவருக்கு ஒரு நாள்

12 மே 1996, ஞாயிறு

அம்மாவின் கழுத்தில் இருப்பது வெறும் கொழுப்புக்கட்டிதான், பயமில்லை என்று நேற்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த நிம்மதியில் காந்திபுரத்தில் அன்னையர் தின வாழ்த்து அட்டை ஒன்று வாங்கினேன். இன்று காலை, "உங்களுக்குன்னே ஒரு நாளுங்கம்மா" என்று நீட்டினேன். அம்மாவின் முகம் செத்துவிட்டது.

"செத்தவிங்களுக்குத்தானே கண்ணு வருசா வருசம் நாள் வச்சுக் கும்புடுவாங்க? டாக்டரு வேற என்னமோ சொல்லியிருக்காரு. எங்கிட்ட மறைக்கற."

எவ்வளவோ மறுத்தும் நம்பவில்லை. மத்தியானம் வரை சாப்பிடவும் இல்லை. கடைசியில், மற்ற நாடுகளில் அன்னையர் தினம் கொண்டாடுவதைப் பற்றிப் படித்ததையெல்லாம் சொன்னேன். இங்கிலாந்தில் பூங்கொத்து கொடுப்பதைக் காதில் வாங்கவே இல்லை. எத்தியோப்பியாவில் மழைக்காலம் முடிந்ததும் பிள்ளைகள் காய்கறி, ஆட்டுக்கறி, நெய்யோடு தாய்வீட்டுக்கு வந்து விருந்து சமைப்பார்கள் என்றதும் நிமிர்ந்தார்.

"அந்தம்மா உசுரோட உக்காந்து திங்குமா?"

"திங்குமுங்கம்மா."

"அங்க கறிவிருந்து. எனக்கு மட்டும் வெறும் அட்டையா?"

சிரித்துவிட்டார். இரண்டு முறை ரசம் ஊற்றிச் சாப்பிட்டார். பிறகு அட்டையைப் பட்டுச்சேலை மடிப்பில் வைத்து பீரோவைப் பூட்டினார்.

"ஆரம்பிச்சுப்போட்ட. இனி வருசந் தவறாமக் குடுக்கோணும், பாத்துக்க."