பதினாறாவது கேள்வி

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் மூச்சுவிட்டுக்கொண்டுதான் இருக்கிறோம், நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நன்றாயிருந்தால் எனக்கு அதுவே போதும்.

அம்மா சூப்பர்வைசரின் கையைச் சுட்டுவிட்டாள் என்று தம்பி போனில் உளறினானாமே, நீ அழுதாயாமே. சுட்டது உண்மைதான், அழாதே. வீங்கிய காலை ஒரு காலிப் பெட்டியின் மேல் தூக்கி வைத்துக்கொண்டுதான் நான் தொழிற்சாலையில் இஸ்திரி போடுவேன் என்று உனக்குத் தெரியும், இல்லாவிட்டால் மதியத்துக்குள் கால் தொடைவரை கல்லாகிவிடும். அன்றைக்கு அந்த விசில், சூப்பர்வைசரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், வந்து "ஆனைக்காலுக்கு சிம்மாசனம் கேக்குதோ" என்று பெட்டியை எட்டி உதைத்தான். விழுந்தேன், முன்கால் தோல் வெடித்தது, ரத்தம் கொஞ்சம், நீர்தான் கொட்டியது. சிரித்துக்கொண்டே வீக்கத்துக்கு நான் காலில் சுற்றியிருந்த துணிக்கட்டை பூட்ஸ் காலால் மிதித்தான். இஸ்திரிப் பெட்டி கைக்கு எட்டியது, அவன் புறங்கையில் வைத்து அழுத்தினேன். தோல் கருகிய நாற்றம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. அவன் முகத்தில் குத்தினான், ரெண்டு பல் போயிற்று. தையல் பிரிவுப் பெண்கள் அவன் தலைமுடியைப் பிடித்து இழுத்துத் தரையில் போட்டு மிதித்தார்கள். வேலை போய்விட்டது.

காலில் சீழ் வைத்து ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தேன். அங்கே ஒரு கூட்டம். இந்த வீக்கத்துக்கு இனி எதை முதலில் ஆராய்வது என்று நோயாளிகளையும் நர்சுகளையும் டாக்டர்களையும் சேர்த்துவைத்துக் கேட்டார்கள். சுவரில் பதினைந்து கேள்விகள், ஆளுக்கு மூன்று சிவப்புப் பொட்டு ஸ்டிக்கர், முக்கியமானதில் ஒட்ட வேண்டும், முதல் ஐந்துதான் ஆராய்ச்சிக்குப் போகும். ஆபரேஷன், ஊசி, புது மருந்து எல்லாம் இருந்தது. பத்து மணிநேரம் நின்று வேலை செய்கிறவள் காலை எப்படிக் காப்பாற்றுவது என்று ஒரு வரி இல்லை. கேட்டேன். கூட்டம் நடத்திய டாக்டரம்மா, அது தொழிற்சாலைப் பிரச்சினை, ஆராய்ச்சி இல்லை என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் நாற்காலியை உதைத்துத் தள்ளினேன், வீங்கிய காலாலேயே. மார்புப் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு கை வீங்கிப்போன பஸ் கண்டக்டரம்மா பக்கத்தில் இருந்தாள். அவள் எழுந்து, "இத்தன வருஷமா கட்டு மட்டும் கட்டி விடறீங்களே, அத கட்டிக்கிட்டு எப்படிப் பொழைக்கிறதுன்னு யாராச்சும் சொன்னீங்களா" என்றாள். நானே பேனாவைப் பிடுங்கி அடியில் பதினாறாவதாக எழுதினேன்.

ஆனால் எல்லோரும் பொட்டை ஒட்டி முடித்திருந்தோம். முந்திரிக்கொட்டை மாதிரி நானே முதல் ஆளாக மூன்றையும் ஒட்டியிருந்தேன். பதினாறாவதில் ஒட்ட உரித்து எடுத்தோம், பசை போய் உதிர்ந்தது. கண்டக்டரம்மா தன் கைக்கட்டிலிருந்து பிளாஸ்திரியைக் கிழித்து ஒவ்வொன்றாக ஒட்டினாள். செல்லாது என்றார் டாக்டரம்மா. எண்ணாமல் யாரும் வெளியே போக முடியாது என்று நான் கதவை அடைத்து நின்றேன். எண்ணினார்கள். மூன்றாவது இடம்.

முதலில் எந்த வேலையிடத்தில் போய்ப் பார்க்கலாம் என்று டாக்டரம்மாவே நேற்று கேட்டார். எங்கள் தொழிற்சாலை விலாசத்தைக் கொடுத்தேன்.

நீயும் அங்கே நாள் முழுக்க நிற்கிறாய், செருப்பு இறுக்கிப் பிடிக்கிறது என்றாய். இதைப் படித்ததும் கணுக்காலில் கட்டைவிரலால் அழுத்திப் பார், குழி எழும்பாமல் நின்றால் அன்றைக்கே டாக்டரிடம் போ, என்னைப் போல நாலு வருஷம் கடத்தாதே. தீர்க்காயுசாய் இரு, யார் உதைத்தாலும் விழுந்தே கிடக்காதே. திங்கட்கிழமை டாக்டரம்மாவோடு நானும் தொழிற்சாலைக்குப் போகிறேன். கதவைத் திறந்துவிடுவது விசிலின் வேலை, இப்போது அவன் கையிலும் கட்டு இருக்கிறது.

இப்படிக்கு,
பல் போன உன் அம்மா