அந்தமான் காட்டில் நீ கேட்ட வெயில்

மச்சான்,

நெம்மேலியில் மகள் கட்டுகிற வீட்டுக்கு வாசக்கால் பார்க்க, நேற்று மாமல்லபுரம் சாலையில் ஒரு தச்சுப் பட்டறைக்குப் போயிருந்தேன். இடித்த பங்களாவிலிருந்து வாங்கி வந்த பழைய கதவு ஒன்றை அங்கே இழைத்துக்கொண்டிருந்தார்கள். சுருண்டு விழுந்த சீவல் செக்கச்செவேலென்று இருந்தது. எடுத்து மோந்து பார்த்தேன். படாக். அந்தமான் மரம். தச்சர் ஏதோ அளவு கேட்டார். எனக்குக் காதில் விழவில்லை. மகள் தோளைத் தொட்டு, "இன்னா நைனா, ஒடம்பு சரியில்லயா?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். உன்னைப் பற்றி அவளிடம் நான் சரியாகச் சொன்னதே இல்லை. எங்கே தொடங்குவது என்று தெரியாமல் உனக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உன் அப்பா விட்டுப்போன கட்டுமரம் புயலில் பாறையில் மோதிச் சிதறிய வருஷம் அது. எழுபதுகளின் தொடக்கம். அந்தமானில் மரம் வெட்டும் வேலைக்கு ஆள் சேர்க்க ஒருவர் நம் குப்பத்துக்கு வந்தார். காட்டு வேலைக்கு மீன் பிடிக்கிறவன் எதற்கு என்று ஊரே சிரித்தது. வெட்டிய மரங்களைத் தெப்பமாகக் கட்டி, உப்பங்கழி வழியாக இழுத்துப் போய்க் கடலில் நிற்கும் கப்பலில் சேர்க்க வேண்டும். அதற்குக் கட்டுமரம் கட்டிப் பழகிய கை வேண்டும் என்றார் அவர். நீ அன்றைக்கே முடிவு செய்துவிட்டாய். உன் அம்மா, என் அத்தை, உன்னோடு பேசவே இல்லை. மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு திருக்கழுக்குன்றத்துக்குப் போவாள், வருவாள், சோற்றை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நானும் வருகிறேன் என்று சொன்ன பிறகுதான் அரை மனசாகத் தலையாட்டினாள்.

சென்னையிலிருந்து கப்பல் ஏறினோம். பிறந்ததிலிருந்து அலையிலேயே கிடந்த நீ, அந்தப் பெரிய கப்பலில் வாந்தி எடுத்து எடுத்துத் துவண்டு போனாய். இதை ஊரில் சொன்னால் கொன்றுவிடுவேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கினாய். இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் சொல்கிறேன், அதுவும் உன்னிடமே.

அந்தக் காட்டை யாருக்கும் விளங்க வைக்க முடிந்ததில்லை எனக்கு. நாம் நிழலுக்குத் தவித்து வளர்ந்தவர்கள். சவுக்கும் பனையும் தவிர மரம் என்று எதைக் கண்டோம்? அங்கே உச்சி வேளையிலும் மாலை போல மங்கலாக இருந்தது. துவைத்த சட்டை வாரக் கணக்கில் காயவில்லை. கால் விரல் இடுக்கெல்லாம் அட்டை. ராஞ்சியிலிருந்து வந்தவர்கள் மரத்தை வெட்டிச் சாய்ப்பார்கள். யானைகள் கழிக்கரைக்கு இழுத்து வரும். அதற்குப் பிறகு நம் வேலை. அங்கே பல மரங்கள் தண்ணீரில் போட்டால் கல்லைப் போல மூழ்கிவிடும். மிதக்கிற மரங்களுக்கு நடுவே மூழ்குகிற மரத்தை வைத்துப் பிரம்பால் இறுக்கிக் கட்டுவோம். ஒரு பெரிய மரம் சாய்ந்து, அது நின்ற இடத்தில் வெளிச்சம் கொட்டியபோது நீ அண்ணாந்து பார்த்துச் சொன்னாய்: "கூரைய பிச்சிப் போட்டா மாதிரி கீது மச்சான்." ஆனாலும் அடுத்த மரத்தைக் கட்டப் போனோம். அதற்குத்தானே வந்திருந்தோம்.

மழை தொடங்குவதற்கு முன் மரம் ஏற்றக் கடைசிக் கப்பல் வந்து நின்றது. கழி கடலில் சேருகிற இடத்தில் அன்று காலையிலிருந்தே அலை குழம்பிக்கொண்டிருந்தது. கப்பல் காத்திருக்காது என்றார் மேஸ்திரி. நாமும் எத்தனையோ தடவை அதைவிட மோசமான அலையில் இறங்கியவர்கள்தான், யாரும் மறுக்கவில்லை. தெப்பம் முகத்துவாரத்தைத் தாண்டும்போது ஒரு பக்கத்துப் பிரம்பு அறுந்தது. நடுவில் இருந்த மரம் புரண்டது. நீ இரண்டு மரங்களுக்கு இடையில் இருந்தாய். இடுப்புவரை நசுங்கிவிட்டது. நானும் ராஞ்சிக்காரர் ஒருவரும் உன்னை இழுத்துக் கரை சேர்த்தோம்.

ஆஸ்பத்திரிக்கு மோட்டார் படகில்தான் போக வேண்டும். படகு வேறு முகாமுக்குப் போயிருந்தது. ஆள் அனுப்பினார்கள். நீ அழவில்லை, கத்தவில்லை. பல் மட்டும் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "குளுருது மச்சான். வெயில்ல இட்டுகினு போ," என்றாய்.

கரை மணலைத் தண்ணீர் மூடியிருந்தது, மற்ற இடமெல்லாம் மர நிழல். வெயில் எங்கே இருந்தது? மரங்களை வெட்டி அழித்த மேட்டில் மட்டும்தான். நான்கு பேர் பலகையில் வைத்து உன்னை அங்கே தூக்கிப் போனோம். வெட்டி மிஞ்சிய அடிமரங்களுக்கு நடுவே உன்னைக் கிடத்தினோம். வெயில் உன் முகத்தில் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு, ரொம்ப நாள் கழித்து வீட்டுக்கு வந்தவன் போல மூச்சு விட்டாய். படகுச் சத்தம் கேட்கும்போது நீ இல்லை.

கடற்கரையில் புதைக்க முடியவில்லை. பொங்கிவரும் தண்ணீர் மணலை முழுக்க மூடிவிடும். அந்த மேட்டின் ஓரத்தில் வெட்டாமல் நின்ற ஒரு பெரிய படாக் மரத்தடியில் ராஞ்சிக்காரர்கள் குழி தோண்டினார்கள். அடையாளத்துக்கு அந்த மரத்தில் நான் சுண்ணாம்பு பூசினேன். இதை வெட்டமாட்டோம் என்று மேஸ்திரி சொன்னார். மனசறிந்துதான் சொன்னார் என்று இன்றும் நம்புகிறேன்.

அடுத்த பயணிகள் கப்பலில் ஊருக்கு வந்தேன். மீன் ஏலம் விடுகிற இடத்தில் அத்தை உட்கார்ந்திருந்தாள். என்னைத் தனியாகப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. பல நாள் அவள் எதுவும் கேட்கவில்லை. பிறகு ஒரு நாள் மீன் ஆய்ந்துகொண்டே, எங்கே புதைத்தீர்கள் என்றாள். பெரிய மரத்தடியில் என்றேன்.

"அந்த மரத்தயும் வெட்டிடுவானுங்க இல்ல?"

மேஸ்திரி வாக்குக் கொடுத்ததைச் சொன்னேன். அவள் அடுத்த மீனை எடுத்தாள். அந்தக் கேள்வி மட்டும் என்னைத் தூங்கவிடவில்லை. மழை முடிந்ததும் மறுபடி அந்தமானுக்கே வேலைக்குப் போனேன்.

மேடு முழுக்க மொட்டையாக இருந்தது, மச்சான். வரிசை வரிசையாகத் தேக்குக் கன்று நட்டிருந்தார்கள். மேஸ்திரி மாறிவிட்டார்; புதியவருக்கு உன்னைப் பற்றி எதுவும் தெரியவில்லை. குழி தோண்டிய ராஞ்சிக்காரரைத் தேடிப் பிடித்து அழைத்துப் போனேன். ஒவ்வோர் அடிமரமாகப் பார்த்து நடந்தோம். அவர் ஓர் இடத்தைக் காட்டினார், நான் இன்னோர் இடத்தை. குழி மேட்டை மழை கரைத்திருந்தது; எது உன் இடம் என்று முடிவாகாமலே திரும்பினோம். அந்தப் பருவம் முழுக்க அங்கேதான் வேலை செய்தேன். சிவப்பாக ஒரு படாக் மரம் கழிக்கு வரும்போதெல்லாம், கட்டுவதற்கு முன் அதன்மேல் கொஞ்ச நேரம் கை வைத்திருப்பேன்.

திரும்பி வந்து அத்தையிடம் உள்ளதைச் சொன்னேன். "அவன் அங்கதான கீறான், எங்க போவப் போறான்," என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறப் போனாள். சாயந்தரம் எனக்கும் சேர்த்துக் குழம்பு வைத்தாள். அதிலிருந்து அவள் வீட்டில்தான் எனக்குப் பாதிச் சாப்பாடு. என் கல்யாணத்தில் தாய் இடத்தில் நின்றவளும் அவள்தான்.

முதுமையில் அவளுக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்தது. என்னை உன் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். முதல் தடவை திருத்தினேன். அப்போது அவள் முகம் போன போக்கைப் பார்த்த பிறகு திருத்தவில்லை. உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோதெல்லாம் எழுந்து போனேன், தண்ணீர் கொடுத்தேன், கால் பிடித்துவிட்டேன். எப்போதடா வந்தே என்று கேட்பாள். இப்போதான்மா என்பேன். அவள் போனபோது பிள்ளை செய்ய வேண்டியதை எல்லாம் நான்தான் செய்தேன்.

இப்போது என்னை அந்தப் பெயரில் கூப்பிட யாரும் இல்லை. ஆனாலும் கரையில் யாராவது அந்தப் பெயரைச் சொல்லி வேறு ஒருவனைக் கூப்பிடும்போது, மச்சான், நான்தான் முதலில் திரும்பிப் பார்க்கிறேன்.