முதல் அடி பின்னுக்கு

லாசால், மொன்றியல்
3 ஒக்ரோபர் 2004

யேசு மரி சூசை துணை

அன்பின் றெனோல்ட்,

நலம். உங்கள் முழங்கால் நோவு எப்படி? நான் தந்துவிட்ட எண்ணெயைப் பூசுகிறீர்களோ, போத்தல் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறதோ?

புதன்கிழமை ஒலிம்பிக் ஸ்ரேடியத்துக்குப் போனேன். நம்முடைய பேஸ்போல் அணி மொன்றியலில் ஆடிய கடைசி ஆட்டம். அடுத்த வருடம் அணி வாஷிங்டனுக்குப் போகிறதாம். இமெல்டா அக்கா, "புருசன் இல்லாமல் பந்து பாக்கப் போறியோ" என்று சிரித்தா. ஓம், தனியாகத்தான் போனேன். கலியாணத்துக்கு முதல் நாங்கள் இருந்த அதே பக்கம், வெளிக்களத்துக்கு மேலே இருந்தேன். அப்போதெல்லாம் நீங்கள் பந்தைப் பார்க்காமல் ஆட்டக்காரரின் கால்களைப் பார்ப்பீர்கள். "உவன் பிந்திட்டான்" என்பீர்கள். அதற்குப் பிறகுதான் பந்து விழும். எனக்கு அது பெரிய வித்தையாக இருந்தது. யாழ்ப்பாணத்துப் பெடியன் ஒருவன் பேஸ்போல் ஆடிச் சம்பளம் எடுக்கிறான் என்று கோயில் பங்கில் எல்லாரும் அதிசயப்பட்ட காலம். அப்பா மட்டும், "பந்துக்குப் பின்னால ஓடுறவன் வீட்டில தங்கான்" என்றார்.

ஆட்டம் முடிந்தும் சனம் எழும்பவில்லை. பக்கத்தில் ஒரு பிரெஞ்சுக் கிழவர் அழுதார். நானும் அழுதேன். அவர் அணிக்காக அழுதார். நான் நீங்கள் சொன்ன சொல்லுக்காக அழுதேன். ஆட்டத்தை விட்டுப் பயிற்சியாளராகப் போனபோது, "கொஞ்சக் காலம் தெற்கில, அமெரிக்காவில, சொல்லிக்குடுத்தா பேந்து மொன்றியல் அணியே என்னைக் கூப்பிடும், வீட்டோட இருக்கலாம்" என்றீர்கள். இனிக் கூப்பிட அணியே இல்லை. என்ன செய்யப் போகிறீர்கள்?

உங்கள்
கிறேஸ்


ஜோர்ஜியா
19 ஒக்ரோபர் 2004

அன்புக் கிறேஸ்,

எண்ணெய் பூசுகிறேன், நம்பும்.

உம்முடைய கடிதத்தை வாசித்துவிட்டு மைதானத்தின் நடுவில் சும்மா நின்றேன். லாசால் பூங்காவில் சிநேகிதன் அன்டனும் நானும் பந்து பழகிய நாட்கள் ஞாபகம் வந்தன. வெளிக்களத்தில் அவன் இடப்பக்கம், நான் நடு. ஏப்ரலிலும் பனி உருகாத நிலம். எங்கள் பிரெஞ்சுப் பயிற்சியாளர் ஒன்றையே கத்திக்கொண்டிருப்பார். மட்டையில் பந்து பட்ட சத்தம் கேட்டால் முதல் அடி பின்னுக்கு. பின்னுக்குப் போனவன் முன்னுக்கு ஓடி வரலாம். முன்னுக்கு வந்தவனின் தலைக்கு மேலால் போன பந்து போனதுதான். அந்த ஒரு பாடத்தில்தான் இத்தனை வருடம் சோறு சாப்பிட்டேன். இங்கே பெடியளுக்கும் அதையே சொல்கிறேன்.

கடைசிவரை சின்ன அணிகளில்தான் ஆடினேன். பெரிய அணி என்னை ஒருநாளும் கூப்பிடவில்லை, உமக்குத் தெரியும். நான் பழக்கிய ஒருவனைப் போன மாதம் கூப்பிட்டது. தொலைபேசியில் அழுதான். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

இந்த அணி அடுத்த வருடத்துக்கும் கேட்கிறது. இன்னும் பதில் சொல்லவில்லை. நத்தாருக்கு வருகிறேன், ஆறுதலாக இருந்து கதைப்போம்.

உம்முடைய
றெனோல்ட்


லாசால்
6 மார்ச் 2005

யேசு மரி சூசை துணை

அன்பின் றெனோல்ட்,

நத்தாருக்கு வந்தீர்கள். கேக் சாப்பிட்டீர்கள், பாலன் குடிலுக்கு மின்குமிழ் பூட்டினீர்கள். கதைக்கவில்லை. போய் அந்த அணிக்கு ஓம் என்று சொன்னதை அன்டன் சொல்லித்தான் அறிந்தேன்.

வீட்டுக்காரரின் கடிதம் வந்திருக்கிறது. குத்தகை யூலை முதலாம் திகதிக்கு முதல் நாளோடு முடிகிறது. வீட்டை விடுவதானால் இந்த மாத முடிவுக்குள் சொல்ல வேண்டுமாம். ஒருத்திக்கு இவ்வளவு பெரிய வீடும், உங்கள் மட்டைகள் அடைத்த அறையும் எதற்கு? இந்த ஆட்டப் பருவத்தோடு வந்துவிடுவீர்கள் என்றால் வைத்திருக்கிறேன். இல்லையென்றால் மொன்றியலின் மற்றப் பக்கம், அஹுன்ட்சிக்கில் அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஒற்றை அறை வீடு இருக்கிறது.

உங்கள் பாடம் எனக்கும் பாடமாகிவிட்டது. அம்மா வருத்தமாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், எனக்கு ஒப்பரேஷன் என்றபோதும் உங்களுக்கு முதல் அடி பின்னுக்குத்தான். "பொறும், பாப்பம்" என்பீர்கள். பிறகு விழுந்தடித்து ஓடி வந்தீர்கள், அதை இல்லையென்று சொல்லமாட்டேன். இந்தப் பந்து உங்களுக்கு முன்னால் விழப் போகிறது, றெனோல்ட். ஓமோ இல்லையோ, எழுதுங்கள். தொலைபேசி வேண்டாம். அதில் நீங்கள் சிரித்தே மழுப்பிவிடுவீர்கள்.

கிறேஸ்


ஜோர்ஜியா
11 ஏப்ரல் 2005

அன்புக் கிறேஸ்,

பிந்திவிட்டேன், கோவிக்காதேயும். பயிற்சி முகாம், பஸ் பயணம், இப்போது பருவமும் தொடங்கிவிட்டது. பருவம் தொடங்கினால் செப்டெம்பர் வரை வீட்டு விஷயத்தில் முடிவெடுக்காதே என்பது பேஸ்போல் ஆட்களின் வழக்கம். இப்போதைக்குக் குத்தகையைப் புதுப்பித்து வையும். செப்டெம்பரில் கதைப்போம்.

இங்கே நல்ல வெயில். லாசாலில் பனி போய்விட்டதா?

றெனோல்ட்


அஹுன்ட்சிக்
3 யூலை 2005

அன்பின் றெனோல்ட்,

யூலை முதலாம் திகதி, குத்தகைகள் மாறுகிற நாள், வழக்கம்போல ஊர் முழுக்க வீடு மாறியது. தெருவெல்லாம் கட்டிலும் மெத்தையும். இந்த முறை நானும் மாறினேன். மார்ச் கடைசி நாள்வரை தபாற்பெட்டியைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்காரருக்குச் சொன்னேன்.

அன்டன் வான் கொண்டு வந்தார். நீங்கள் பந்து பிடிக்கிற கிளவ்வைப் பெட்டிக்குள் போட மனம் வரவில்லை. மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். இன்னும் தோல் மணக்கிறது. அன்டன் அதைப் பார்த்துவிட்டு, "நடுவில நிக்கிறவன் 'எனக்கு' எண்டு கூப்பிட்டா நாங்கள் விலகோணும், அதுதான் சட்டம். கூப்பிட்டுப்போட்டுப் பிடிக்காமல் நிண்டா என்ன செய்யிறது, தங்கச்சி" என்றார்.

கோபம் இருந்தது, இப்போது இல்லை. களைத்துவிட்டேன். வாசல் மணிக்குப் பக்கத்தில் என் பெயரை மட்டும் எழுதினேன். செப்டெம்பரில் கதைக்க ஒன்றும் மிச்சமில்லை.

கிறேஸ்


ஜோர்ஜியா
14 யூலை 2005

யேசு மரி சூசை துணை

என் அன்புக் கிறேஸ்,

நேற்று எங்கள் பெடியன் ஒருவன், கிட்ட விழப்போன பந்துக்குப் பின்னுக்கு அடி வைக்காமல் நேரே பாய்ந்தான். தவறிவிட்டது. பந்து வேலி வரை உருண்டு ஆட்டமும் போனது. என் முன்னால் வந்து தலைகுனிந்து நின்றான். ஏசத்தான் வாய் திறந்தேன், ஏச்சு வரவில்லை. "சரி, போய் முகத்தைக் கழுவு" என்றேன்.

பிறகு உம்முடைய கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மனேஜரிடம் போய் விலகுகிறேன் என்றேன். பருவத்தின் நடுவில் விலகினவனை இனி எந்த அணியும் எடுக்காது என்றார். தெரியும் என்றேன்.

அடுத்த சனிக்கிழமை பஸ் ஏறுகிறேன். லாசால் பூங்காவில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம், இல்லாவிட்டால் அன்டனோடு வான் ஓடலாம். வந்து உம்முடைய வாசல் மணியை அமத்துவேன். திறக்கிறது உம்முடைய விருப்பம். திறக்காவிட்டாலும் கீழேதான் நிற்பேன். பந்து வராமலே மணிக்கணக்காய் வெளிக்களத்தில் நின்று பழகியவன்தானே.

றெனோல்ட்