முதல் பக்கத்திலிருந்து உங்களை எடுத்துவிட்டேன்

கோபம் வந்தாலும் முகத்தில் காட்டாத என் அன்பு வதனி மச்சாளுக்கு,

இந்தக் கடிதத்தை வாசித்து முடிக்கும்போதாவது அந்தக் கோபத்தைக் கொஞ்சம் காட்டுங்கள். வீட்டில் ஒருவர் கதைக்காமல் இருந்து என்னைப் படுத்திய பாடு போதும். நீங்களும் அப்படி இருந்தால் நான் எங்கே போவேன்?

கனடாவில் இருக்கிற உங்கள் சின்னம்மாவின் மகன் போன கிழமை கோல் எடுத்தார். "அக்கான்ர ஆண்டுத் திவசம் வருது. நினைவுப் பக்கத்தில போட நீங்கள் ஏதாவது எழுதித் தாங்கோ. கடைசி வரைக்கும் கடையில கூட இருந்தது நீங்கள்தானே" என்றார். ஓம் என்று சொல்லிவிட்டேன். நல்லதாக நாலு வார்த்தை எழுதத்தான் நினைத்தேன். மனதில் வேறொன்று கிடந்து அரிக்கும்போது நல்ல வார்த்தை எங்கிருந்து வரும்? அதனால் உள்ளதை எழுதுகிறேன். நாலு பேர் பார்த்தால் பார்க்கட்டும்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கடைக் கம்பியூட்டரைப் போட்டதும் இனி உங்கள் முகம் வராது. நான்தான் எடுத்துவிட்டேன்.

வாசிக்கிற எல்லோருக்கும் எங்கள் கடை தெரிந்திருக்காது. நெடுங்கேணியில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில், உரக்கடைக்கும் தையல்கடைக்கும் நடுவில் ஒரு சின்னக் கொமினிகேசன். போட்டோக்கொப்பி எடுப்பது, படிவம் நிரப்புவது, ஒன்லைனில் செய்யவேண்டியதைச் செய்து கொடுப்பது, இவைதான் வேலை. கம்பியூட்டருக்கு முன்னால் நீங்கள், கொப்பி மெசினோடு நான். உங்களுக்குச் சிறுநீரகம் பழுதாகி, இரத்தம் சுத்திகரிக்கவென்று வவுனியாவுக்கும் இங்கேயுமாக அலையத் தொடங்கிய பிறகு, கடைக்கென்று உங்களிடம் மிஞ்சியது கொஞ்ச நேரம்தான்.

அந்த நாட்களில் ஒன்றை அடிக்கடி நினைக்கிறேன். ஆஸ்பத்திரியால் வந்து, களைப்போடு கதிரையில் இருந்தீர்கள். ஒவ்வொரு பக்கத்தின் முகவரியாக அடித்து, ஒவ்வொன்றும் வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தீர்கள். சனம் வாசலில் நின்றது. திடீரென்று எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் செட்டிங்ஸுக்குள் போனீர்கள்.

"என்ன மச்சாள் செய்யிறியள்?"

"ஆஸ்பத்திரியில நாள் முழுக்கக் கிடந்திட்டு வாறன். இஞ்சையும் வந்து பக்கம் பக்கமாய்த் தட்டிக்கொண்டிருக்க எனக்கென்ன விசரே? இனி இந்தக் கம்பியூட்டர் ஐயா எழும்பேக்கையே எல்லாத்தையும் தூக்கிக்கொண்டு எழும்பட்டும்."

அதில் 'தொடக்கத்தில்' என்று ஓர் இடம் இருந்தது. பிரவுசர் வெறும் புதுப் பக்கத்தோடு திறக்கலாம், கடைசியாக விட்ட இடத்திலிருந்து தொடரலாம், இல்லையென்றால் நாங்கள் சொல்லுகிற பக்கங்களோடு திறக்கலாம். விட்ட இடத்திலிருந்து தொடங்குவது சுகமாயிருக்குமே என்று நான் சொன்னேன். "முதல்நாள் வந்த சனத்தின்ர அலுவலெல்லாம் திரும்பி எழும்பி வரும். மற்றாக்களின்ர விசயம் இண்டைக்கு வாறவைக்கு எதுக்கு?" என்றீர்கள். அதுதான் நீங்கள்.

பாஸ்போட்டுக்கு நாள் பதிகிற பக்கம், பரீட்சை முடிவு, ஈமெயில், மழை வருமா என்று பார்க்கிற பக்கம். நாலையும் வரிசையாகக் கொடுத்தீர்கள். கம்பியூட்டரைப் போட்டதுமே பிரவுசர் தானாகத் திறக்கவும் வழி செய்தீர்கள். அடுத்த நாள் காலையில் பொத்தானை அமத்த, கேட்டதெல்லாம் கேட்டபடி வந்து நின்றது. கனநாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் நீங்கள் வாய்விட்டுச் சிரித்தீர்கள்.

பிறகு நீங்கள் போய்விட்டீர்கள்.

எட்டாம் நாள் எட்டுச்செலவு முடிந்து கடையைத் திறந்த அன்று உங்கள் தம்பி, அதுதான் என் வீட்டுக்காரர், என் பக்கத்தில் வந்து நின்றார். உழவு லான்ட்மாஸ்டரைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுகிற மனுசனுக்குக் கம்பியூட்டரில் தெரிந்தது போடுகிற பொத்தான் ஒன்றுதான். உங்களுக்குத் தெரியாததா?

"கனடாக்காரர் போட்டுவிட்ட அக்கான்ர பக்கம் இருக்கெல்லே. அதையும் அந்த வரிசையில போட்டுவிடும். முதல் ஆளாய்."

"இஞ்சருங்கோ, அது பாரமான பக்கம். படமும் பாட்டுமாய்க் கிடக்கு."

"கிடக்கட்டும். பொத்தானை அமத்தினால் அவா வருவா. எனக்கு அது காணும்."

அழுகிற மனுசனுக்கு இல்லையென்று எப்படிச் சொல்வது? போட்டுவிட்டேன். எங்கள் சனம் காலையில் எழும்பியதும் யார் போய்விட்டார்கள் என்று பார்க்கிற மரண அறிவித்தல் தளம் ஒன்றில்தான் உங்கள் பக்கம் இருக்கிறது. பச்சைச் சேலை கட்டிய உங்கள் படம், அதற்கு மேலே கொட்டுகிற பூ, பின்னால் புல்லாங்குழல், கீழே வெளிநாட்டுச் சொந்தங்கள் ஏற்றிய மெழுகுதிரிகள். இத்தனையும் இறங்கி முடியும்வரை மற்றப் பக்கங்கள் அசையாது.

அன்றிலிருந்து வயலுக்குப் போகமுன் கடைக்கு வருவார். பொத்தானை அமத்திவிட்டு, தலையில் கட்டிய துவாயை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். நீங்கள் வருவீர்கள். "விதைச்சாச்சு அக்கா" என்பார். "ராத்திரி யானை வந்து வரம்பெல்லாம் உழக்கிப்போட்டுது" என்பார். பிறகு போய்விடுவார். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது, ஒளிப்பானேன். ஆளில்லாத கதிரையைப் பார்த்துக்கொண்டு கடை திறக்கிறதைவிட உங்கள் முகத்தோடு திறக்கிறது மேல். சில நாட்களில் உங்களோடு சண்டையும் பிடித்திருக்கிறேன், இந்தப் பாரத்தையெல்லாம் என் தலையில் போட்டுவிட்டுப் போனீர்களே என்று.

ஆனால் இங்கே கரண்ட் போய் வருவது உங்களுக்குத் தெரியும். போகாவிட்டால் குரங்கு வந்து கேபிளில் ஊஞ்சலாடும். மெசின் எழும்புகிற நேரமெல்லாம் முதலில் நீங்களும் எழும்புவீர்கள். பரீட்சை முடிவு பார்க்க வந்த பெட்டை ஒருத்தி, புல்லாங்குழல் கேட்டதும் தான் பெயில் என்று நினைத்து அழத் தொடங்கிவிட்டாள். முடிவு வரும்வரை அவளைத் தேற்றுவதே எனக்கு வேலையாகப் போனது. நல்ல காலம், பாஸ்.

அதைச் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டேன். பாக்கியம் அக்காவின் விஷயத்தில் சிரிக்க முடியவில்லை.

குளத்தடிப் பாக்கியம் அக்காவை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரே மகள் தமிழ்நாட்டில். இடம்பெயர்ந்து போன பிள்ளை அங்கேயே கட்டித் தங்கிவிட்டாள். இப்போது அவளுக்கு நெஞ்சில் ஒபரேசன் செய்யவேண்டுமாம். பக்கத்தில் நிற்க வேறு ஆளில்லை. பாக்கியம் அக்காவுக்கோ இந்த வயது வரைக்கும் பாஸ்போட் என்று ஒன்று இல்லை. பதிகிற பக்கம் காலையில் திறக்கும். கொஞ்ச இடம்தான். கண்ணை மூடித் திறக்கமுன் முடிந்துவிடும்.

முதல் நாள் பொத்தானை அமத்தினேன். நீங்கள் வந்தீர்கள். பூக் கொட்டியது. பதிகிற பக்கம் உங்களுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டே நின்றது. உங்களை மூடப் பார்த்தேன், மவுஸ் அசையவில்லை. அது வந்து சேர்ந்தபோது இன்றைக்கு இடமில்லை என்று காட்டியது. அடுத்த நாள் மெசினை முந்தியே போட்டு வைத்தேன். சரியாகப் பதிகிற நேரத்துக்குக் கரண்ட் போய் வந்தது. மெசின் எழும்பியது. நீங்களும் எழும்பினீர்கள்.

பாக்கியம் அக்கா ஒரு சொல் ஏசவில்லை. திரையில் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "இந்தப் பிள்ளை இருந்திருந்தால் எனக்கு எப்பவோ நாள் எடுத்துத் தந்திருக்கும்."

அவருடைய நாளை மறித்துக்கொண்டு நிற்பதே நீங்கள்தான் என்று நான் எந்த வாயால் சொல்வேன், மச்சாள்?

அன்று பின்னேரம் வீட்டில் கதையை எடுத்தேன்.

"அக்காவை அழிக்கப் போறீரோ?" என்று கேட்டார்.

"ஆர் அழிக்கிறது? பக்கம் அங்கதான் இருக்கும். முதல்ல வாறதை மட்டும் நிப்பாட்டுறன்."

"எனக்கு ரெண்டும் ஒண்டுதான்."

"உங்களுக்கு ஒண்டுதான். பாக்கியம் அக்காவுக்கு ஒண்டில்லை. அவாவின்ர பிள்ளை உயிரோட இருக்கு."

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதோ? சொல்லிவிட்டேன். என் வாயைப் பற்றி உங்களுக்குத் தெரியும். அவர் எழும்பி மாட்டைக் கட்டப் போய்விட்டார். நான் கடைக்குத் திரும்பிப் போனேன். செட்டிங்ஸ், தொடக்கத்தில், உங்கள் பெயருக்கு நேரே மூன்று புள்ளி. அதைத் தொட்டால் 'அகற்று' என்று வந்தது. அமத்தினேன். நிச்சயமாகவா என்றுகூட அது கேட்கவில்லை. அந்த வரி சும்மா இல்லாமல் போனது.

காலையில் அவர் வந்தார். பாக்கியம் அக்காவும் வந்து வாங்குப் பலகையில் இருந்தார். வழமைபோல அவர்தான் பொத்தானை அமத்தினார். துவாயை அவிழ்த்தார். பதிகிற பக்கம் பட்டென்று வந்து நின்றது. அவர் பார்த்துக்கொண்டே நின்றார், இன்னும் ஏதோ வரவேண்டும் என்பது போல.

"அக்கா எங்கை?" என்றார்.

என்னால் நிமிர முடியவில்லை. பாக்கியம் அக்காவின் அடையாள அட்டை இலக்கத்தை அடித்துக்கொண்டிருந்தேன், ஒரு எண் பிழைத்தால் போச்சு. இடம் கிடைத்தது. பாக்கியம் அக்கா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். திரும்பிப் பார்த்தேன், அவர் இல்லை. லான்ட்மாஸ்டர் சத்தம் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

கிடைத்த நாளும் கிட்டடியில் இல்லை. அந்த நாளில் போய், பாஸ்போட் கைக்கு வந்து, விசாவும் எடுத்து, பாக்கியம் அக்கா மகளின் ஒபரேசனுக்கு முன் போய்ச் சேருவாரா? தெரியவில்லை. தவறவிட்ட அந்தக் காலைகளில் ஒன்று கிடைத்திருந்தால் என்று மனம் கிடந்து உழலுகிறது.

வீட்டில் உங்கள் தம்பி கதைக்கவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டார். கறி எப்படி என்றால் பதிலில்லை. கடைக்கு வருவதையும் விட்டார். "அக்கா எங்கை?" என்று அவர் கேட்டது குசினியிலும் நின்றது, கிணற்றடியிலும் நின்றது. காலையில் கடை இப்போது விரைவாகத்தான் திறக்கிறது. மிச்சம் பிடித்த அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் என்ன செய்கிறேன் என்று நினைக்கிறீர்கள்? சும்மா திரையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். நான் செய்தது சரியா, மச்சாள்? நீங்கள் என்றால் என்ன செய்திருப்பீர்கள்? நீங்கள் என்றால் உங்கள் முகத்தை அங்கே போடவே விட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் உங்களுக்குத் தம்பி செத்ததில்லை, அவருக்குத்தான் அக்கா செத்தது.

நேற்று மழை. கடையில் ஒருவரும் இல்லை. நனைந்துகொண்டு வந்தார். உங்கள் கதிரையை இழுத்து, நீங்கள் போன பிறகு முதல் தடவையாக, அதில் இருந்தார்.

"அக்காவைத் தேடுறது எப்பிடி?"

அத்தனை நாளுக்குப் பிறகு வந்த பேச்சு. "பேரை அடிக்கவேணும்" என்று விசைப்பலகையை என் பக்கம் இழுத்தேன்.

"நீர் அடிக்காதேயும். எழுத்தைக் காட்டும், காணும்."

நீங்கள் ஒட்டிவைத்த தமிழ் எழுத்துகள் பாதி தேய்ந்துபோய்விட்டன. ஒன்றொன்றாகக் காட்டினேன். ஒற்றை விரலால், ஆணி அடிக்கிற மாதிரி அமத்தினார். பிழைத்தது, அழித்தார், திரும்ப அடித்தார். கடைசியில் உங்கள் பெயர் வந்தது. அதற்குக் கீழே எத்தனையோ வதனிகள் வந்தார்கள். சுவிசில் ஒரு வதனி, பிரான்சில் ஒரு வதனி, முல்லைத்தீவில் ஒரு வதனி. உங்களுடையது கீழே இருக்கிறது, இறக்குங்கோ என்று சொன்னேன். அவர் இறக்கவில்லை. ஒவ்வொரு முகமாக நின்று பார்த்தார்.

"இதுவும் இளம் பிள்ளை, பாவம்" என்றார். "இவாவும் ஆரோ ஒருத்தற்றை அக்காதானே."

அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் உங்களிடம் வந்து சேர்ந்தார். புல்லாங்குழல் ஊதியது. "கதிர் வந்திட்டுது அக்கா. இந்த மழை நிண்டால் காணும்" என்றார். போகும்போது என்னைப் பார்த்து, "நாளைக்கும் வாறன். நீர் ஒண்டும் செய்து வைக்காதேயும், நான் தேடுறன்" என்றார்.

இன்றைக்கும் வந்தார். இரண்டாவது எழுத்தில் இன்னும் தடுமாறுகிறார்.

இந்தக் கடிதமும் அதே பக்கத்தில்தான் ஏறப்போகிறது. பாரமான பக்கம் இன்னும் கொஞ்சம் பாரமாகும். பரவாயில்லை, இப்போது அது ஒருவரையும் மறித்துக்கொண்டு நிற்கவில்லை.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். பதிகிற பக்கம் திறக்கிற நேரத்துக்கு வெகு முன்னதாகவே இனிக் கடையைத் திறப்பேன். அந்த நேரம் உங்கள் தம்பியுடையது, எவ்வளவு எடுத்தாலும் எடுக்கட்டும். ஒரு பெயரை அடிக்கடி அடித்தால் பிரவுசர் அதை ஞாபகம் வைத்துக்கொண்டு, முதல் எழுத்திலேயே முழுப் பெயரையும் நீட்டிவிடும். அதையும் நிறுத்தி வைத்திருக்கிறேன், மச்சாள். உங்கள் பெயரை அவர் கடைசி எழுத்து வரைக்கும் தன் கையால் அடிக்கட்டும்.

உங்கள் தம்பியைக் கட்டியதால் உங்களுக்கு மச்சாளான,
சுகந்தி
நெடுங்கேணி