இணைச்சீருக்கு ஆகாதவள்

ஆவணி 4, புதன்

கொளுத்தும் வெயில். கம்பெனியில் கரண்ட் போய் ஓவர்லாக் தையல் மெஷின் எல்லாம் சும்மா கிடக்கிறது.

வெள்ளிக்கிழமை தம்பிக்குக் கல்யாணம். இணைச்சீர்ச் சடங்கில் மாப்பிள்ளையோடு அவன் கூடப்பிறந்தவள்தான் உட்கார வேண்டும். அது நான் ஒருத்திதான். அண்ணி, சித்தப்பா மகளை உட்கார வைக்கிறாளாம்.

"பொண்ணு ஊட்டுக்காரங்களுக்கு உன்ற வியாதி தெரிஞ்சா பரம்பரைம்பாங்க அம்மிணி. நாளைக்கு எம்பட பொண்ணுக்கு மாப்ள பாக்கோணுமில்ல?"

கேன்சர் வந்து இடது மார்பை எடுத்து ஆறு வருசம். ஒவ்வொரு செக்கப்பிலும் ஒன்றுமில்லை என்றுதான் சொல்கிறார்கள். அண்ணன் பந்தல்காரரைப் பார்க்கக் கிளம்பிவிட்டான். அண்ணியைச் சும்மா விடமாட்டேன்.

வாங்க வேண்டியது: மாத்திரை, சேஃப்டி பின்.

ஆவணி 6, வெள்ளி

சீர் முடிந்தது. என் இடத்தில் சித்தப்பா மகள். மைக்கைப் பிடுங்கிக் கத்தலாமா என்று இருந்தது.

பந்தியில் பக்கத்து இலை, பெண்ணின் அம்மா. வலது கை நிறைய வளையல், இடது கை மொட்டை. என் இடது கையும் அப்படித்தான். அக்குளில் ஆபரேஷன் ஆன கைக்கு இறுக்கம் ஆகாது.

"ஏனுங்க, உங்களுக்கும் அந்தப் பக்கந்தானுங்களா?" மெதுவாகத்தான் கேட்டேன்.

ரசத்தில் வைத்த கையை எடுக்காமல் என் பக்கம் சாய்ந்தார். "ஒம்பது வருசமாச்சுங்க. உங்க அண்ணிகிட்டச் சொல்லீராதீங்க சாமி. பொண்ணு கல்யாணம் நின்னுருமோன்னு மூணு வருசமா செக்கப்புக்கே போகலீங்க."

இந்த வீட்டுக்குப் பயந்துதான் அண்ணி என்னை ஒளித்தாள்! சிரிப்பை அடக்கப் பட்ட பாடு.

ஆவணி 7, சனி

ஒரு வார்த்தை சொன்னால் போதும், அண்ணி முகம் செத்துவிடும். ஆனால் இடிபடுவது புதுப்பெண். வேண்டாம்.

அண்ணியிடம் கார் கேட்டேன். சம்பந்தியம்மாவும் நானும் கோயம்புத்தூர் போக.

"மருதமலைக்கா அம்மிணி?"

"ஆமாங்க."

அவளுக்கு வாயெல்லாம் பல். அதற்குள் சம்பந்தம் ஒட்டிவிட்டதாம்.

ஆவணி 11, புதன்

தூறல். அண்ணி விடியவே எழுந்து புளிசாதம் கட்டினாள். "எம்பட பேருக்கும் ஒரு அர்ச்சனை பண்ணீருங்க."

ஆஸ்பத்திரியில் எனக்கு ஒன்றுமில்லை, அடுத்த வருசம் வரச் சொன்னார்கள். சம்பந்தியம்மா மேமோகிராம் அறைக்குள் போகும்போது என் கையை விடவே இல்லை. அவருக்கும் ஒன்றுமில்லை. வராந்தாவில் உட்கார்ந்து அழுதார். நானும்தான். பிறகு புளிசாதத்தை வழித்துத் தின்றோம். நல்ல ருசி, அதைச் சொல்லணும்.

வரும் வழியில் மருந்துக்கடைக்குப் பக்கத்துக் கடையில் ஒரு விபூதிப் பாக்கெட் வாங்கினேன்.

அண்ணி கண்ணில் ஒற்றி, நெற்றி நிறையப் பூசிக்கொண்டாள்.